எச்61 மதர்போர்ட் எழும்பிவிட்டது, கிளிப்தான் குப்பைக்குப் போனது

முந்தாநாள் இரவு திரையில் பயோஸ் பக்கம் வந்துவிட்டது. 2011 காலத்து எச்61 போர்ட். 3ஆம் தலைமுறை ஐ5 போடலாம் என்று பயோஸின் கடைசிப் பதிப்பை ஏற்றியதும் படுத்தது. இடையில் ஒரு பதிப்பை ஏற்றி, எம்இ ஃபேர்ம்வேரை (சிப்செட்டுக்குள் ஓடும் இன்டெல்லின் தனி மென்பொருள்) 7இலிருந்து 8க்குக் கொண்டுபோன பிறகே கடைசிப் பதிப்பு என்று போர்ட்டுக்கான குறிப்பில் பொடி எழுத்தில் கிடக்கிறது. அதை விட்டால் இதுதான் கதி: விசிறி 3 செக்கன் சுற்றும், நிற்கும், மறுபடி சுற்றும். பீப் கூடக் கிடையாது. சீமாஸ் கிளியர், ஒற்றை ரேம், யூஎஸ்பி மீட்பு எதற்கும் அசையவில்லை. மிச்சம் சிஎச்341ஏ: பயோஸ் கிடக்கும் ஐசியை நேரடியாக வாசித்து எழுதும் யூஎஸ்பி கருவி.

கறுப்பு சிஎச்341ஏயை வாங்கியபடியே மாட்டக் கூடாது. ஐசிக்கு 3.3 வோல்ற் போனாலும் தரவுக் கால்களில் 5 வோல்ற் நிற்கும். போர்ட்டின் பயோஸ் ஐசியான டபிள்யூ25கியூ32இன் எந்தக் காலிலும் விசிசியைவிட (அதற்குக் கொடுக்கும் மின்னழுத்தம்) 0.4 வோல்ற்றுக்கு மேல் ஏறக் கூடாது. கருவியில் உள்ள சிஎச்341ஏ சிப்பின் 28ஆம் காலை மெல்லத் தூக்கி, அதையும் 9ஆம் காலையும் 1117 ரெகுலேற்றரின் 3.3 வெளியீட்டோடு வயர் போட்டுச் சொல்டர் பண்ணினால் சரி.

இனி அந்தச் சனியன் பிடித்த கிளிப், ஐசியைக் கழற்றாமலே அதன் கால்களைக் கவ்வுவது. பவர் சப்ளை, பற்றரி இரண்டையும் கழற்றி, சிவப்பு வயரை புள்ளிப் பக்கம் வைத்து மாட்டினால் ஐசியின் அடையாள எண் (ஐடி) எஃப்எஃப் எஃப்எஃப் எஃப்எஃப், அதாவது பதிலே இல்லை. வெள்ளவத்தைக் கடற்காற்றில் கிடந்த போர்ட், கால்களெல்லாம் மங்கிப்போயிருந்தன. ஐசோபுரோப்பைல் அல்ககோல் விட்டுப் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்ததும் சரியான ஐடி ஈஎஃப் 40 16 வந்தது. அந்த ஐடியை நம்பி அழித்திருந்தால் கதை முடிந்திருக்கும். மூன்று தரம் வாசித்து எஸ்எச்ஏ256 (கோப்பின் கைரேகை மாதிரி) எடுத்தால் மூன்றும் மூன்று விதம்.

வாசிப்பு ஓடும்போதே ஐசியின் 4ஆம் காலுக்கும் (தரை) 8ஆம் காலுக்கும் (விசிசி) இடையில் மல்டிமீற்றரை வைத்தால் 2.4 வோல்ற். இந்த ஐசிக்குக் குறைந்தது 2.7 வேண்டும். 8ஆம் கால் போர்ட்டின் 3.3 தடத்தோடு இணைந்திருப்பதால் சிப்செட்டும் சேர்ந்து உறிஞ்சுகிறது. 3 பைட் ஐடி தப்பித் தவறி வந்துவிடும், 4 எம்பி வாசிப்பு நடுவழியில் சறுக்கும். ரிப்பன் வயரை 10 செமீக்கு வெட்டியும் பலனில்லை. கடைசியில் சுற்றிவரக் கப்டன் டேப் ஒட்டி, 350 பாகையில் ஹொட் எயார் அடித்து ஐசியையே கழற்றியாயிற்று. வெளியே வைத்து வாசித்த மூன்றும் அச்சொட்டாய் ஒன்றாக இருந்தன.

கழற்றிய ஐசிக்கு அடப்டர் வேண்டும். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் வெறுமனே '8 கால் அடப்டர்' என்று கேட்டால் 150 மில் (அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மில்) வகையைத் தூக்கித் தருவார்கள். இந்த ஐசியின் உடல் அகலம் 5.2 மிமீ, அதற்கு 208 மில் வகைதான் பொருந்தும். ஐசியைக் கையோடு கொண்டுபோய்ப் பொருத்திப் பார்த்து வாங்குங்கள்.

அடுத்த பொறி கோப்பில். ஐசி 4,194,304 பைட், தயாரிப்பாளர் தரும் கோப்போ 4,196,352. கூடுதலான 2,048 பைட்டும் முன்னால் ஒட்டிய கேப்சூல் தலைப்பு, ஐசிக்குள் போக வேண்டியதல்ல. ஹெக்ஸ் எடிட்டரில் அதை வெட்டிய பின், முதல் 16 பைட்டைத் தாண்டியதும் 5ஏ ஏ5 எஃப்0 0எஃப் தெரிய வேண்டும். தெரிந்தால் முழு இமேஜ், எம்இ 8உம் உள்ளேயே வருகிறது. வெட்டாமல் எழுதினால் சில மென்பொருள்கள் வாயே திறக்காமல் வாலை நறுக்கிவிடும். சிபியு முதலில் தேடிப் போகும் இடம் ஐசியின் கடைசி 16 பைட்டில் இருக்கிறது. அங்கே வேறேதோ இருந்தால் பழைய விசிறிக் கூத்துத்தான்.

எழுதி, சரிபார்த்து, திரும்பச் சொல்டர் பண்ணியதும் முதல் தரமே எழும்பியது. ஐ5ஐயும் அடையாளம் காண்கிறது. லேன் மக் முகவரி (நெட்வேர்க்கில் போர்ட்டின் அடையாள எண்) மட்டும் முழுக்கப் பூச்சியம். போர்ட்டில் ஒட்டிய ஸ்டிக்கரில் உள்ள 12 எழுத்தும் பழைய வாசிப்பில் அப்படியே கிடக்கின்றன. அவற்றைப் புதிய இமேஜில் அதே இடத்தில் ஒட்டி மறுபடி எழுத வேண்டும். அதற்கும் ஐசியைக் கழற்றத்தான் வேண்டும், இந்த முறை 8 கால் சொக்கெட் ஒன்றைப் போட்டுவிடலாம். அதற்குள் மேசைக்கு ஒரு லப்டொப் வந்திருக்கிறது: 25கியூ64எஃப்டபிள்யூ, 1.8 வோல்ற் ஐசி. 1.8 அடப்டர் கிடைக்கும்வரை அதில் கை வைப்பதாயில்லை.