பதிவேட்டில் மூன்று மாதம்

கால்நடை மருத்துவக் கல்லூரியில் நாங்கள் நடத்தும் சினைப் பரிசோதனைத் தேர்வில் ஒரு வசதி உண்டு. உள்ளே போன கை என்ன செய்கிறது என்று வெளியே நிற்கிறவருக்குத் தெரியாது. டிராவிஸில், அதாவது மாட்டை அசையாமல் நிறுத்தும் கம்பிச் சட்டத்துக்குள், மாடு நிற்கும். தோள்வரை நீளும் பிளாஸ்டிக் கையுறையில் சோப்புத் தண்ணீர் வழிய, மாணவன் ஆசனவாய் வழியாகக் கையை விட்டு, கண்ணைக் கூரையில் வைத்துக்கொண்டு துழாவுவான். நான் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அரை நிமிடத்தில் "மூணு மாசம் சார்" என்பான். கருப்பையைத் தொட்டுச் சொன்னானா, சாணியைத் தொட்டுச் சொன்னானா, மாட்டுக்குத்தான் வெளிச்சம்.

மற்ற வேலைகளில் இந்தச் சிக்கல் இல்லை. கழுத்துச் சிரையில் ரத்தம் எடுக்கச் சொன்னால், கட்டைவிரலால் பள்ளத்தை அழுத்திச் சிரை புடைக்கும்வரை பொறுக்கிறானா, தயங்கித் தயங்கி நாலு குத்து குத்தி மாட்டை மிரள வைக்கிறானா என்பது கண்ணெதிரே நடக்கும். இடது விலாப் பள்ளத்தில் முஷ்டியை அழுத்தி அசையூண் வயிற்றின் அசைவை எண்ணச் சொன்னால், கைக்கடிகாரத்தைப் பார்க்கிறவன் எண்ணுகிறான்; என்னைப் பார்க்கிறவன் எண்ணவில்லை.

நான் படித்த காலத்தில் செய்முறைத் தேர்வு என்றால் ஒரு மாடு, இரண்டு பேராசிரியர்கள், அவ்வளவுதான். எனக்குச் சாதுவான கிழட்டு எருமை வாய்த்தது. அடுத்தவனுக்கு உதைக்கிற கிடேரி. 1975-இல் ஸ்காட்லாந்தின் டண்டீயில் ரொனால்ட் ஹார்டன் மனித மருத்துவ மாணவர்களுக்காகக் கொண்டுவந்த ஓஸ்கி முறை இந்தக் குலுக்கல் சீட்டை ஒழிக்கத்தான் பார்த்தது. வரிசையாக மேசைகள், மேசைக்கு ஒரு வேலை, மணி அடித்தால் அடுத்த மேசை, எல்லோருக்கும் ஒரே சரிபார்ப்புப் பட்டியல். எங்கள் துறைக்கு அது வந்தபோது ஆதரித்தவர்களில் நானும் ஒருவன், இன்றும் ஆதரிக்கிறேன். ஆனால் பட்டியல் வந்ததும் பிள்ளைகள் பட்டியலுக்கு நடிக்க ஆரம்பித்தார்கள். "கையுறை போடுறேன் சார், சோப்பு தடவுறேன் சார், வாலை ஒதுக்குறேன் சார்" என்று கிரிக்கெட் வர்ணனை. எல்லாவற்றுக்கும் டிக் அடித்தாக வேண்டும். மாடு சுவரோடு ஒண்டிக்கொண்டு நடுங்குவதற்குப் பட்டியலில் கட்டம் கிடையாது.

ஒரு வருடம் கல்லூரிப் பண்ணையில் சினை மாடுகள் ஏழெட்டுதான் இருந்தன. ஒரு மாட்டுக்கு ஐந்து பேருக்கு மேல் விடுவதில்லை. கையுறையில் ரத்தம் தெரிந்தால் அத்தோடு நிறுத்திவிடுவோம். ஆகவே எந்தக் காதுவில்லை எண்ணுக்கு எத்தனை மாதம் என்ற விவரம் முந்தின இரவே விடுதியில் சுற்றிவிடும். எங்களுக்கும் அது தெரியும். தெரியாத மாதிரி இருந்துகொள்வோம்.

செவலை என்று நாங்கள் கூப்பிடும் ஜெர்சி கலப்பினம் அன்றைக்கு என் டிராவிஸில் நின்றது. நான்கு பேர் வந்தார்கள், நான்கு பேரும் மூன்று மாதம் என்றார்கள். ஐந்தாவதாக வந்த மாணவி நேரம் எடுத்துக்கொண்டாள். மாடு முக்கும்போது கையை அசைக்காமல் நிறுத்தி, அது தளர்ந்த பிறகு மறுபடி நகர்த்தினாள். மணி அடிக்கப் போகும் நேரத்தில் சொன்னாள்: "கருப்பை கைக்கு எட்டலை சார். கருப்பை வாய் முன்பக்கமா இழுபட்டு இறுகிக் கிடக்கு. பக்கத்து ரத்தக்குழாய் தடிச்சு, தடதடன்னு அதிர்றது தெரியுது. அஞ்சு மாசம் இருக்கும்."

மூன்று மாதக் கருப்பை நீர் நிரம்பிய பை போலக் கைக்குள் கிடைக்கும். நாலு, ஐந்து மாதத்தில் பாரம் தாங்காமல் இடுப்பெலும்பின் விளிம்பைத் தாண்டி வயிற்றுக்குள் சரிந்துவிடும். கைக்கு ஒன்றும் சிக்காததால் கற்றுக்குட்டிகள் "சினை இல்லை" என்று சொல்லி ஏமாறும் கட்டம் அது. இழுபட்ட கருப்பை வாயும் அதிரும் ரத்தக்குழாயும்தான் அங்கே துப்பு. அவள் சொன்னது அத்தனையும் பாடத்தில் உள்ளபடி இருந்தது. நான் குனிந்து என் தாளைப் பார்த்தேன். பதிவேட்டுக் கணக்கில் மூன்று மாதம். முடிவு தவறு என்று எழுதினேன்.

கையுறை பெட்டி பக்கத்திலேயே இருந்தது. நானே கைவிட்டுப் பார்த்திருக்கலாம். ஆறாவது கை அந்த மாட்டுக்கு வேண்டாமே என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வெளித் தேர்வாளருக்குச் சாப்பாடு வந்துவிட்டது என்பதும் ஒரு காரணம்தான்.

நாலு மாதம் கழித்து ஒரு காலையில் பண்ணை ஊழியர் வந்து நின்றார். "சார், செவலை ராத்திரி கன்னு போட்டுருச்சு. கிடேரி. எந்திரிச்சு நின்னு பால் குடிக்குது."

பதிவேட்டின்படி இன்னும் இரண்டு மாதம் பாக்கி. போய்ப் பார்த்தேன். முடி முளைத்து, பல் தெரிந்து, குறையேதும் இல்லாத கன்று. பழைய பக்கங்களைப் புரட்டியபோது விஷயம் விளங்கியது. சினையாக இருக்கும்போதே சில மாடுகள் பருவ அறிகுறி காட்டும். முதல் சினை ஊசியிலேயே, அதாவது குழல் வழியாகக் காளையின் விந்தைச் செலுத்தியதிலேயே, சினை பிடித்த செவலை இரண்டு மாதம் கழித்துப் பருவத்துக்கு வந்த மாதிரி கத்தியிருக்கிறது. யாரோ மறுபடி சினை ஊசி போட்டு, அந்தத் தேதியைப் பதிந்துவிட்டார்கள். அந்த இரண்டாவது ஊசியின் குழல் கருப்பை வாயைத் தாண்டிப் போயிருந்தால் கருவே கலைந்திருக்கலாம். மூன்று மாதம் என்ற நால்வருக்கும் நான் முழு மதிப்பெண் போட்டிருந்தேன்.

பிரிட்டனில் ஸாரா பெய்லி என்ற கால்நடை மருத்துவர் 'ஹாப்டிக் கவ்' என்று ஒரு கருவி செய்திருக்கிறார். மாட்டுப் பொம்மைக்குள் மாணவர் கையை விட்டால் உறுப்புகளைத் தொடும் உணர்வு விரலுக்குக் கிடைக்கும். விரல் எங்கே போகிறது என்பதை ஆசிரியர் திரையில் பார்க்கலாம். எங்களிடம் அது இல்லை. இறைச்சிக் கூடத்திலிருந்து கருப்பைகளை வாங்கிவந்து, துணி மூடிய பெட்டிக்குள் வைத்துத் தொட்டுச் சொல்ல வைக்கிறோம். பெட்டி உதைக்காது, முக்காது, சாணி போடாது. ஆனாலும் துணியை விலக்கினால் விடை அங்கேயே இருக்கிறது. உயிர் மாட்டுக்கு இப்போது தேர்வு நாள் காலை ஆறு மணிக்கு நானே கைவிட்டுப் பார்த்து எழுதிவைக்கிறேன். பத்து மதிப்பெண்ணில் எத்தனை மாதம் என்று சொல்வதற்கு இரண்டுதான். என்ன தட்டுப்பட்டது, என்ன தட்டுப்படவில்லை என்று சொல்வதற்கு எட்டு.

அந்த மாணவியின் மதிப்பெண் பட்டியல் அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டது, திருத்த வழியில்லை. அவளிடம் சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. ஒரு கிராமத்து மருந்தகத்தில் இன்டர்ன்ஷிப்பில் இருந்தவளைப் போனில் பிடித்து, செவலை கன்று போட்ட கதையைச் சொன்னேன். சிரித்தாள்.

"பரவால்ல சார், பாஸ் ஆயிட்டேன்ல. இப்பல்லாம் முதல்ல ஊசி போட்ட தேதியைக் கேட்டுக்கறேன் சார். அப்புறம்தான் கையே விடறேன்."

மாட்டைப் பிடித்துக்கொண்டு ஆள் காத்திருக்கிறார் என்று போனை வைத்துவிட்டாள்.