கடனே என்று

2025 மார்ச் 5, சாம்பல் புதன்

ஊசிக்கோபுரத்து மணி கேட்டது. ஆராதனைக்குப் போகவில்லை. அம்மாவை இரண்டு மணிக்கொரு முறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். அந்த நேரத்திற்கு வீட்டில் வேறு ஆள் இல்லை.

விடியற்காலையில் கட்டிலருகே உட்கார்ந்து பரமண்டல ஜெபத்தைச் சொல்லத் தொடங்கினேன். இரண்டாம் வரியில் அம்மா சேர்ந்துகொண்டார்கள். பக்கவாதத்தில் வலப்பக்கம் விழுந்த நாளிலிருந்து, தண்ணீர் வேண்டுமென்றாலும் "அது, அது" என்பதைத் தவிர வேறு சொல் வராத வாயிலிருந்து ஜெபம் முழுவதும் பிசகில்லாமல் வந்தது. சபையில் நாம் "குற்றம் செய்கிறவர்களுக்கு" என்று சொல்லுகிற இடத்தில், அம்மா சிறுவயதில் வேதாகமத்திலிருந்து மனப்பாடம் செய்தபடியே, "எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்" என்றார்கள்.

நான் அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டேன்.

மார்ச் 6

பிசியோதெரபிக்கு வருகிற பெண்ணிடம் சொன்னேன். அவள் வியப்படையவில்லை. பேச்சு போனவர்களுக்கும் மனப்பாடமான ஜெபம், பாட்டு, எண்கள் வருவது உண்டாம். நினைத்துப் பேசுகிற பேச்சு வேறு, பழகிப்போன பேச்சு வேறாம். ஞானப்பாட்டுகளையும் பாடிக் காட்டுங்கள் என்றாள். அப்படியானால் அம்மா ஜெபித்தார்களா, அம்மாவின் வாய் மட்டும் ஜெபித்ததா? இதை அவளிடம் கேட்கவில்லை.

மார்ச் 9, லெந்தின் முதல் ஞாயிறு

"கடனே என்று செய்கிறாள்" என்று மனமில்லாமல் வேலை செய்கிறவளைச் சொல்கிறோம். காலைக்கடன், நேர்த்திக்கடன், பெற்றோருக்குச் செய்யும் கடன் என்று பணமில்லாத கடன்களும் தமிழில் ஏராளம். இயேசு பேசிய அரமேயத்திலும் கடனுக்கும் பாவத்துக்கும் ஒரே சொல்தான் என்று எங்கள் சபைப் போதகர் ஐயர் ஒருமுறை பிரசங்கத்தில் சொன்னார். மத்தேயு அதைக் கடன் என்று வைத்தார். லூக்காவோ முதல் பாதியில் பாவம் என்றும் மறுபாதியில் "எங்களிடத்தில் கடன்பட்ட எவனுக்கும்" என்றும் எழுதினார். தேவனிடத்தில் நாம் பட்டது பாவம், நம்மிடத்தில் பிறர் பட்டது மட்டும் கடன். லூக்கா கணக்குத் தெரிந்தவராக இருந்திருக்க வேண்டும்.

நானும் இன்று நான்கு அதிகாரங்களைக் கடனே என்று வாசித்தேன்.

மார்ச் 11

தம்பிக்கு மூன்று முறை அழைத்தேன். எடுக்கவில்லை.

மார்ச் 15

மத்தேயு 18. பதினாயிரம் தாலந்து மன்னிக்கப்பட்டவன் வெளியே போய், நூறு வெள்ளிப்பணம் தரவேண்டியவனின் தொண்டையை நெரிக்கிறான். கேட்ட பிரசங்கங்களில் எல்லாம் அந்த நூறு வெள்ளிப்பணம் அற்பத் தொகையாகவே சொல்லப்பட்டது. அது அற்பத் தொகை அல்ல. திராட்சத்தோட்டத்து வேலையாளுக்கு நாளொன்றுக்கு ஒரு பணம் என்று இரண்டு அதிகாரம் தள்ளி மத்தேயுவே எழுதுகிறார். நூறு நாள் கூலி என்பது எங்கள் ஊர்ப்பக்கம் நூறு நாள் வேலைக்குப் போகிற பெண்களுக்கு ஒரு வருஷத்து நம்பிக்கை. கொடுத்தவனுக்கு அந்தப் பணம் உண்மையாகவே தேவைப்பட்டிருக்கலாம். அவன் வீட்டிலும் நோயாளி இருந்திருக்கலாம். கதை அதை மறைக்கவில்லை, நாம்தான் மறைத்துவிட்டோம். ஒரு தாலந்து 6,000 வெள்ளிப்பணம் என்றால் மன்னிக்கப்பட்ட தொகை ஆறு கோடி நாள் கூலி. ஆனால் ஆறு கோடியை அருகில் வைத்துப் பார்ப்பதால் நூறு ஒன்றுமில்லை என்று ஆகிவிடாது. நூறு நூறாகவே இருக்கிறது. அதை விட்டுவிடு என்கிறார் இயேசு.

எங்கள் தெருவில் கொத்தனார் வாங்குகிற 900 ரூபாயை வைத்துக் கணக்கிட்டால், தம்பி எனக்குத் தரவேண்டிய 4,50,000 ரூபாய் ஐந்நூறு நாள் கூலி. லூக்கா 7இல் வருகிற இரண்டு கடனாளிகளில் பெரியவனின் தொகையும் ஐந்நூறுதான். கணக்கை முடித்தபோது மணி ஒன்றரை. ஏர் பெட்டின் மோட்டார் நின்றுபோயிருந்ததைக்கூட கவனிக்கவில்லை.

மார்ச் 18

பென்ஷன் புத்தகத்தைத் தேடியபோது பிஸ்கட் டின்னில் புரோநோட்டு கிடைத்தது. கிடைத்தது என்று எழுதுவது பொய். அது எங்கே இருக்கிறது என்று எனக்கு எப்போதும் தெரியும். 2018 ஜூன் மாதத் தேதி, ரெவின்யூ ஸ்டாம்பின் குறுக்கே தம்பியின் கையெழுத்து. பின்பக்கம் வெறுமையாக இருக்கிறது. ஒரு வரவுகூட எழுதப்படவில்லை.

கூட்டுறவு வங்கியில் 28 வருஷம் இருந்தவளுக்கு இந்தத் தாளின் ஆயுள் தெரியும். மூன்று வருஷம். கொரோனா காலத்தில் உச்ச நீதிமன்றம் கணக்கில் சேர்க்காமல் விட்ட மாதங்களைக் கழித்தாலும் 2023லேயே காலாவதி ஆகிவிட்டது. மோசே ஏழாம் வருஷத்தின் முடிவில் கடனாளியை விட்டுவிடச் சொன்னார். அதுவும் இந்த ஜூனில் வந்துவிடும். ஆனால் காலாவதிச் சட்டம் கடனை அழிப்பதில்லை. வழக்குப் போடுகிற வழியை மட்டுமே அடைக்கிறது. கடன் அப்படியே நிற்கும். இத்தனை வருஷமாக நான் மன்னிப்பு என்று நினைத்துக்கொண்டிருந்ததும் இதுதான்போலும். கேட்பதை நிறுத்தினேன், அவ்வளவே.

மார்ச் 23

வேதம் திறக்கவில்லை. படுக்கைப்புண் பெரிதாகியிருக்கிறது. யார்மேல் கோபம் என்று தெரியவில்லை.

மார்ச் 30

பலிபீடத்தில் காணிக்கையைச் செலுத்த வந்து, "உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று" நினைவுகூர்ந்தால், காணிக்கையை வைத்துவிட்டுப் போ என்கிறது மத்தேயு 5. நாற்பது வருஷமாக இதை, எனக்கு அவன்மேல் குறை இருந்தால் என்று தலைகீழாக வாசித்திருக்கிறேன்.

தம்பிக்கு என்மேல் குறை உண்டு. அவன் மகள் நிச்சயதார்த்தத்தன்று, மாடிப்படியில், மாப்பிள்ளை வீட்டார் காதில் விழும்படி, "கடன் வாங்கின காசில் இத்தனை ஆடம்பரமா" என்று கேட்டேன். தணிந்த குரலில்தான் கேட்டேன். அந்தத் தணிந்த குரல் எத்தனை தூரம் கேட்கும் என்று எனக்குத் தெரியும்.

ஏப்ரல் 3

பிலேமோனுக்குப் பவுல் எழுதின நிருபம், ஒரே மூச்சில். உம்முடைய அடிமை ஒநேசிமு உம்மிடத்தில் ஏதாவது கடன்பட்டிருந்தால் "அதை என் கணக்கிலே வைத்துக்கொள்ளும்" என்று எழுதிவிட்டு, இதைத் தன் சொந்தக் கையாலே எழுதுவதாகவும், தானே செலுத்தித் தீர்ப்பதாகவும் பவுல் சேர்க்கிறார். ஸ்டாம்ப் ஒட்டாததுதான் குறை. மற்றபடி இது புரோநோட்டேதான். அடுத்த மூச்சிலேயே, நீரே எனக்குக் கடன்பட்டவர் என்பதை நான் சொல்லவேண்டியதில்லை என்கிறார். சொல்லமாட்டேன் என்று சொல்லிக்கொண்டே சொல்லிவிடுகிற வித்தை அம்மாவுக்கும் கைவந்த கலை. சிரித்துவிட்டேன். அம்மாவும் என்னைப் பார்த்து, ஒரு பக்கமாக, சிரித்தார்கள்.

இரவில் தம்பிக்கு மெசேஜ் அனுப்பினேன். பணத்தைப்பற்றி எழுதவில்லை. மாடிப்படியைப்பற்றி எழுதினேன்.

ஏப்ரல் 4

இரண்டு நீலக் கோடுகள். பதில் இல்லை.

ஏப்ரல் 13, குருத்தோலை ஞாயிறு

பக்கத்து வீட்டுப் பிள்ளை பவனியிலிருந்து குருத்தோலைச் சிலுவை ஒன்று கொண்டுவந்தான். அம்மாவின் இடது கையில் வைத்தேன். பல்லால் கடித்துப் பார்த்தார்கள். மூக்குக் குழாயை எடுத்து ஒன்பது நாளாகிறது.

ஏப்ரல் 17, பெரிய வியாழன்

நான்கு மணிக்கு ஐயர் நற்கருணை கொண்டுவந்தார். அயலாரோடு அன்பும் சமாதானமுமாக இருக்கிறவர்களைக் கிட்டிவரும்படி அழைக்கிற பகுதியை அவர் வாசித்தபோது, நான் வாங்கப்போவதில்லை என்று மனதிற்குள் முடிவு செய்திருந்தேன். அப்பத்தில் நொய்யரிசி அளவு கிள்ளி, ரசத்தில் தோய்த்து, அம்மாவின் நாக்கில் வைத்தார். அம்மா இருமினார்கள். நான் முதுகைத் தாங்கிக்கொண்டிருக்கையிலேயே ஐயர் மீதியை என் கையில் வைத்துவிட்டார். நிமிர்ந்து பார்த்தபோது தம்பி வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டு நின்றான். ஓசூரிலிருந்து பஸ்ஸில் வந்திருக்கிறான். வருகிறேன் என்று சொல்லவில்லை.

இரவு சாப்பிட்டபின் ஒரு கவரை மேசைமேல் வைத்தான். 5,000 ரூபாய். "அக்கா, வரவு எழுதிக்கோ" என்றான். புரோநோட்டைக் கிழித்துவிடப்போகிறேன் என்று சொன்னேன். அதற்காகவே அதை வேதாகமத்திற்குள் எடுத்து வைத்திருந்தேன். அவன் முகம் கறுத்துப்போயிற்று. கிழித்துவிட்டால் தான் எந்த முகத்தோடு இந்த வீட்டுக்கு வருவது என்று கேட்டான். மாடிப்படிக்கும் இதற்கும் சேர்த்துப் பழிவாங்குகிறாயா என்றும் கேட்டான்.

மன்னிக்கிறவளின் இருதயத்தைப்பற்றி நாற்பது நாளாக யோசித்தவள், மன்னிக்கப்படுகிறவனுக்கு அது எப்படி இருக்கும் என்று ஒருநாளும் யோசிக்கவில்லை. மத்தேயு 18இலும் அந்த வேலைக்காரன் மன்னிப்பைக் கேட்கவில்லை. "என்னிடத்தில் பொறுமையாயிரும்" என்றுதான் கேட்கிறான்.

பின்பக்கத்தில் தேதியிட்டு, வரவு ரூ. 5,000 என்று எழுதினேன். தம்பி கையெழுத்திட்டான். காலாவதியான தாளில் இந்த வரவுக்குச் சட்டத்தில் மதிப்பில்லை என்பதை அவனிடம் சொல்லவில்லை.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

தம்பி அம்மாவைப் பார்த்துக்கொண்டான். மூன்று மணி நேர ஆராதனையில் முழுநேரமும் இருந்தேன். பாதி நேரம் தூங்கினேன்.

ஏப்ரல் 19

இரவு இரண்டு மணிக்கு அவன் எழுந்து புரட்டினான். நான்கு மணிக்கு என் முறை, அவனும் எழுந்துகொண்டான். மூவரும் சேர்ந்து ஜெபத்தைச் சொன்னோம். அந்த இடத்தில் அவன் சபையில் சொல்கிறபடி குற்றம் என்றான், அம்மா கடன் என்றார்கள். இரண்டு வாக்கியமும் ஒரே நீளமில்லை. அம்மா முன்னதாக முடித்துவிட்டு அவனுக்காகக் காத்திருந்தார்கள்.