சாய மரமும் அக்ரிலிக்கும்: ஒரு குங்குமச் சிமிழ் கடைந்த அனுபவம்

சாயம் ஏற்றிய மரத்தையும் அக்ரிலிக் என்ற பிளாஸ்டிக் தகட்டையும் அடுக்கி ஒட்டிக் கடைய நினைப்பவர்களுக்கு முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: இந்த இரண்டுக்கும் ஒத்துவராது. அக்ரிலிக்குக்குப் பளபளப்பு ஏற்றத் தண்ணீர் வேண்டும். சாய மரத்தில் தண்ணீர் பட்டால் நிறம் கசியும், நார் எழும்பும். மரத்தைத் துடைக்க ஸ்பிரிட் நல்லது. கடைந்த அக்ரிலிக்கில் ஸ்பிரிட் பட்டால் மயிரிழை விரிசல்கள் ஓடும். எதை எதற்கு முன்னால் செய்வது என்ற வரிசை பிடிபட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

தென் ஆப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் பகுதியில், வீட்டுக்குப் பின்னால் எனக்கு ஒரு சிறிய கடைசல் பட்டறை இருக்கிறது. 2023-இல் அக்கா மகள் கல்யாணத்துக்கு ஒரு குங்குமச் சிமிழ் செய்ய வேண்டும் என்று ஆசை வந்தது. மூடியில் மயில்கழுத்து நிறமும் வெள்ளையும் மாறி மாறி வர வேண்டும். சாயம் ஏற்றிய மெல்லிய தகடுகளை அழுத்தி ஒட்டிய கட்டைகள் அமெரிக்காவிலிருந்து ஆயத்தமாகவே வருகின்றன. ஒரு காலத்தில் டைமண்ட்வுட் என்ற பெயரில் அவற்றைச் செய்த வெர்மான்ட் தொழிற்சாலை 2014-இல் எரிந்துபோனது; பிறகு வேறு நிறுவனங்கள் செய்கின்றன. ஆனால் இங்கே வந்து சேர்வதற்குள் விலை எங்கேயோ போய்விடுகிறது. சாயத்தை நானே ஏற்றுவது என்று முடிவு செய்தேன்.

மூடிக்கு ஜக்கரண்டா. பிரிட்டோரியா தெருக்களை ஊதாவாக்கும் அதே மரம்தான். தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. இங்கே அயல் ஆக்கிரமிப்பு மரமாகப் பட்டியலிட்டிருக்கிறார்கள், அதனால் வெட்டிப்போட்ட கிளைகள் கிடைக்கும். வெளிர் நிறம், சீரான இழை, உளிக்கு இணங்கிக் கொடுக்கும். சாயம் ஏற்ற இதைவிட நல்ல மரம் எனக்குத் தெரியாது. சிமிழின் உடலுக்குக் கியாட். இது நம் வேங்கைக்கும் செஞ்சந்தனத்துக்கும் பங்காளி. மூன்றும் டெரோகார்பஸ் என்ற ஒரே பேரினம். நெற்றியில் இடும் குங்குமம் சாய மரத்தின்மேல் படக்கூடாது என்பதில் நான் கண்டிப்பாக இருந்தேன். ஆகவே குழிவு முழுவதும் சாயமில்லாத கியாட்டிலேயே இருக்கட்டும் என்று வைத்துக்கொண்டேன்.

சாயம் மரத்துக்குள் எவ்வளவு தூரம் போகிறது என்று தெரிந்துகொள்ள ஒரு கட்டையை ஊறவைத்துக் குறுக்கே அறுத்துப் பார்த்தேன். பக்கவாட்டில் நிறம் ஒரு மில்லிமீட்டர்கூட இறங்கவில்லை. உளி ஒரு சீவு சீவினால் போய்விடும். ஆனால் குறுக்குவெட்டு முகத்தில், மரத்தின் நீர்க்குழாய்கள் திறந்திருக்கும் இடத்தில், நன்றாக உள்ளே இறங்கியிருந்தது. அதுதான் வழி என்று பட்டது. கிளையைக் குறுக்கே 3 மில்லிமீட்டர் வில்லைகளாக அறுத்து, வெந்நீரில் கரைத்த அனிலின் சாயத்தில் இரவு முழுக்க ஊறவைத்தேன். நிறம் மறுபக்கம்வரை போய்விட்டது.

காயவைப்பதில் பொறுமை வேண்டும். குறுக்கு வில்லை வெயிலில் வைத்தால் ஓரம் பிளக்கும். பழைய செய்தித்தாள்களுக்கு நடுவே அடுக்கி, மேலே செங்கல் ஏற்றி, நிழலில் வைத்தேன். அவ்வப்போது சமையலறைத் தராசில் நிறுத்தேன். எடை குறைவது நின்ற பிறகுதான் பசையைத் தொட்டேன்.

அக்ரிலிக்கை இங்கே எல்லோரும் பெர்ஸ்பெக்ஸ் என்பார்கள். பெயர்ப்பலகை செய்யும் கடைகளில் வெட்டு மிச்சம் மலிவாகக் கிடைக்கும். அதில் இரண்டு வகை உண்டு: அச்சில் வார்த்தது ஒன்று, இயந்திரத்தில் பிதுக்கித் தள்ளியது இன்னொன்று. பிதுக்கிய தகடு உளியின் சூட்டில் இளகிப் பிசின்போல் அப்பிக்கொள்ளும். கடைவதற்கு வார்த்ததுதான் சரி. காலிப்பரால் நாலைந்து இடங்களில் அளந்தால் ஓரளவு தெரிந்துவிடும். பிதுக்கிய தகட்டின் கனம் எங்கும் ஒரே சீராக இருக்கும், வார்த்ததில் கொஞ்சம் கூடக்குறைய இருக்கும். பிறகு ஒரு துண்டைக் கடைந்தும் பார்த்துவிட வேண்டும். ஒளி புகாத வெள்ளையையே தேர்ந்தெடுத்தேன். கண்ணாடிபோன்ற அக்ரிலிக்கில் ஒட்டிய இடத்தின் ஒவ்வொரு குமிழியும் வெளியே தெரியும்.

ஸ்பிரிட் விஷயத்தைக் கேள்விப்பட்டுத்தான் இருந்தேன், கண்ணால் பார்க்க விரும்பினேன். கடைந்த ஒரு மிச்சத் துண்டை மெதிலேட்டட் ஸ்பிரிட்டால் துடைத்து வைத்தேன். மறுநாள் வெளிச்சத்தில் திருப்பியபோது உளி ஓடிய இடமெல்லாம் வெள்ளிக் கீறல்கள். கடையும்போது உள்ளே தங்கிய இறுக்கத்தை ஸ்பிரிட் விரிசலாக அவிழ்த்துவிடுகிறது. அதனால் ஒட்டுமுன் அக்ரிலிக்கைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, 120-ஆம் எண் உப்புத்தாளால் முகத்தைச் சொரசொரப்பாக்கினேன். பசை, மெதுவாக இறுகும் எபாக்சி. குறுக்குவெட்டு முகம் பசையைக் குடித்துவிடும் என்பதால் முதலில் மெல்லியதாக ஒரு பூச்சு, அது ஊறிய பின் இன்னொரு பூச்சு, அதன் பிறகே அடுக்கிப் பிடித்து இறுக்க வேண்டும். அந்த வருடம் மின்வெட்டு மிகக் கடுமை. எபாக்சிக்கு மின்சாரம் தேவையில்லை. மின்வெட்டு அட்டவணையைப் பார்த்து ஒட்டும் வேலையை இருட்டு நேரத்துக்கும் கடைசலை வெளிச்ச நேரத்துக்கும் ஒதுக்கிக்கொண்டேன்.

சர்க்கரை ஆலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்ற மாமா ஒருவர் எங்கள் தெருவில் இருக்கிறார். அடுக்கைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "தம்பி, மூடி எவ்வளவு இறுக்கம் என்பதை இப்போது முடிவு செய்யாதே. பிப்ரவரிப் புழுக்கத்தில் மரம் ஊதும், இந்தப் பெர்ஸ்பெக்ஸ் ஊதாது," என்றார். அவர் சொன்னபடியே மூடியைச் சற்றுத் தளர்வாகவே விட்டேன். அகலத்தையும் 5 சென்டிமீட்டருக்குள் வைத்துக்கொண்டேன். அகலம் கூடினால் மரத்தின் அசைவை ஒட்டு தாங்காது.

கடையும்போது கண்ணைவிடக் காது அதிகம் உதவியது. மரத்தில் உளி சரசரவென்று ஓடும். வெள்ளை அடுக்குக்குத் தாண்டியதும் ஓசை கூர்மையாகும், சீவல் சுருள் நாடாவாக நீண்டு, கட்டையைக் கவ்விச் சுழற்றும் பிடியைச் (சக்) சுற்றிக்கொள்ளும். அதை எடுக்க இயந்திரத்தை நிறுத்தியே ஆக வேண்டும். உளியை அடிக்கடி தீட்டினேன், முனையைச் சற்றுத் தாழ்த்திப் பிடித்தேன். முகக்கவசத்தைக் கழற்றவே இல்லை. சாயத் தூளும் அக்ரிலிக் தூளும் நுரையீரலுக்கு ஆகாது, கியாட் தூளும் சிலருக்குத் தும்மலைக் கிளப்பும்.

மெருகேற்றும் கட்டத்தில்தான் இரண்டும் நேருக்கு நேர் மோதுகின்றன. 240, 400, 600 என்று உலர்வாகவே தேய்த்தேன், விரல் நுனியில் சூடு தெரிந்தால் நிறுத்தினேன். பிறகு மெல்லிய சூப்பர் குளுவை மூடி முழுக்கப் பூசி, தானாகக் காயவிட்டு, மறுபடியும் பூசினேன். சீக்கிரம் இறுகவைக்கும் ஸ்பிரேயைத் தவிர்த்தேன். அதிலும் கரைப்பான் இருக்கிறது. ஈரமான வெள்ளைத் துணியால் அழுத்தித் துடைத்தபோது துணியில் நீலம் ஒட்டவில்லை. அதற்குப் பிறகே தண்ணீர் தொட்டு, மைக்ரோ மெஷ் தாள்களில் 1500 முதல் 12000 வரை போனேன். பூச்சு உள்ளவரை மரத்துக்குள் தண்ணீர் போகாது, அக்ரிலிக்குக்கும் கேட்டது கிடைக்கும்.

மூடியின் மேல் பிடித்துத் தூக்கும் குமிழுக்கு மட்டும் அரக்கு. அம்பாசமுத்திரத்துச் சொப்புக் கடைசல்காரர்கள் செய்வதுபோல, சுழலும் மரத்தில் அரக்குக் குச்சியை அழுத்தி, உரசும் சூட்டிலேயே உருக்கிப் பூசினேன். அந்தச் சூட்டை அக்ரிலிக் அருகே கொண்டுபோக மனமில்லை. ஆகவே குமிழைத் தனியாகக் கடைந்து கடைசியில் பொருத்தினேன்.

அனிலின் சாயம் வெயிலில் வெளுக்கும் என்று மருமகளிடம் சொல்லித்தான் சிமிழைக் கொடுத்தேன். மிஞ்சிய வில்லைகளைப் பாதி அட்டையால் மூடிப் பட்டறை ஜன்னலில் ஒட்டியிருக்கிறேன். மயில்கழுத்து நிறம் இதுவரை தாங்குகிறது. கூடவே சோதனைக்குச் சாயமேற்றிய இளஞ்சிவப்பு மூடாத பாதியில் வெளுக்கத் தொடங்கிவிட்டது. அடுத்த மூடிக்கு அந்த நிறத்தை எடுக்கமாட்டேன்.