வாய்க்கால் அடைப்பும் கடைமடை வறட்சியும்

பூப்பெய்திய நாளிலிருந்து மாதவிலக்கில் வரும் என் சூதகவலியைப் பற்றி எவரும் கேட்டது 'ரொம்ப வலிக்குதா?' என்ற ஒரே கேள்வியைத்தான். கும்பகோணத்தில் சீன முறை பயின்ற அக்குபங்சர் மருத்துவர் ஒருவர் என் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார். இரு மணிக்கட்டிலும் மூன்று விரல் வைத்து நாடி பிடித்தார். அதன் பிறகு, வலி உதிரம் படுவதற்கு முன்பா பின்பா, வயிற்றை அழுத்தினால் இதமா வேதனையா, வெந்நீர் ஒத்தடம் கேட்கிறதா, கட்டி விழுந்ததும் வலி விடுகிறதா என்று கால்மணி நேரம் விசாரித்தார்.

டெல்டாக்காரர்களுக்கு இந்த விசாரணை எளிதில் பிடிபடும். வயல் காய்ந்தால், வாய்க்காலில் அடைப்பா, ஆற்றிலேயே வரத்து இல்லையா என்றுதானே முதலில் பார்ப்போம்? 'சீ' என்னும் உயிராற்றலும் இரத்தமும் தேங்கினால் விலக்குக்கு முன்பே குத்துவலி வந்து, கருத்த கட்டிகள் விழுந்ததும் தணியும் என்கிறது சீன மருத்துவம். இரத்தமே குறைந்தவளுக்கோ விலக்கு முடிகிற வேளையில் மந்தமான வலி இருக்கும், அழுத்தினால் சுகப்படும், உதிரம் வெளிறியிருக்கும். இது கடைமடைக்குத் தண்ணீர் எட்டாத கதை. குளிர் உறைந்த வகை என்றால் ஒத்தடம் உடனே கேட்கும். கல்லீரல் இரத்தத்தைச் சேமிக்கிறது, மண்ணீரல் அதைக் கரை தாண்டாமல் காக்கிறது என்பது அவர்கள் கணக்கு. அதை உடற்கூறு நூலோடு பொருத்திப் பார்த்தால் குழப்பமே மிஞ்சும்.

என் அப்பாயியும் சூதகவலி வேறு, உதிரம் அளவுமீறிப் போகும் பெரும்பாடு வேறு என்று பிரித்தே பேசுவார். வராதவளுக்கு எள்ளும் வெல்லமும், நிற்காதவளுக்கு வாழைப்பூவும் கொடுப்பார்.

எனக்கு அடைப்பு என்று சொன்ன மருத்துவர், உட்கணுக்காலுக்கு நான்கு விரல் மேலே, 'சீ' ஓடும் வழிகளாகச் சொல்லப்படும் நாளங்களில் 'யின்' என்னும் குளிர்வகை நாளங்கள் மூன்று கூடுமிடத்தில் ஊசி குத்தினார். கருவுற்றவர்களுக்கு அங்கே குத்துவதில்லையாம். வலி சற்றுக் குறைந்தது. ஆனாலும் கருப்பையில் நார்க்கட்டி இருப்பதை ஸ்கேன்தான் காட்டியது, ஹீமோகுளோபின் 8.4 என்று குறைந்து கிடப்பதை இரத்தப் பரிசோதனைதான் சொன்னது. இவ்விரண்டையும் எடுக்கச் சொன்னவரும் அவரே என்பதால் அவர் மீது மதிப்பு கூடியது. சீனப் பெண்கள் காலங்காலமாகக் குடிக்கும் நான்மூலிகைக் கஷாயத்தை நான் கேட்டு வாங்கவில்லை. அதிலுள்ள தாங்குவெய் வேர், இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை உட்கொள்பவர்களுக்கு இரத்தக்கசிவைக் கூட்டக்கூடியது, என் அம்மாவோ அந்த மாத்திரையில் இருப்பவர், எங்கள் வீட்டில் ஒருவர் மருந்தை இன்னொருவர் குடித்துப் பார்க்கும் வழக்கமும் உண்டு.

இப்போது தினசரி நாட்காட்டித் தாளைக் கிழித்தெறியாமல், விலக்கு நாட்களில் நிறம், கட்டி, வலி வந்த நேரம் ஆகியவற்றை அதன் பின்புறம் எழுதி வைக்கிறேன். மகப்பேறு மருத்துவரிடம் போகும்போதும் அந்தத் தாள்களின் கட்டைத்தான் எடுத்துச் செல்கிறேன்.