180 கிலோமீட்டருக்குப் பிறகு ஒரு மாரத்தான்

3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், 42.2 கிலோமீட்டர் ஓட்டம்: முழுத் தூர டிரையத்லான் என்றால் இதுதான். மூன்றையும் ஒரே நாளில், ஒன்றன்பின் ஒன்றாக, பெரும்பாலான போட்டிகளில் 17 மணி நேரத்துக்குள் அல்லது அதை ஒட்டிய காலவரம்புக்குள் முடிக்க வேண்டும். 1978 பிப்ரவரியில் ஹவாயின் ஓவாஹு தீவில் இந்தத் தூரத்தில் முதல் போட்டி நடந்தபோது 15 பேர் தொடங்கி 12 பேர் முடித்தார்கள். 11 மணி 46 நிமிடங்களில் கார்டன் ஹாலர் முதலாவதாக வந்தார். வேலைக்குப் போய்க்கொண்டே பயிற்சி செய்பவர்களுக்கு இலக்கு வேறு. காலவரம்புக்குள் முடிக்க வேண்டும், அதையும் உடலைக் கெடுத்துக்கொள்ளாமல் முடிக்க வேண்டும். நான் அப்படி முடித்த விதத்தை, இதே தூரத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

சொல்ல வேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உடல் சொல்வதைக் கேட்டு நடக்க வேண்டும் என்பது பயிற்சிக் காலத்துக்கு நல்ல அறிவுரை. போட்டி நாளில் அது பாதிதான் உண்மை. முதல் பாதியில் உடல் இன்னும் வேகமாகப் போகலாம் என்கிறது. கடைசிக் கால்பகுதியில் இனி ஓர் அடிகூட முடியாது என்கிறது. இரண்டையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. எவ்வளவு ஆற்றலில் மிதிப்பது, எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை எவ்வளவு உண்பது என்று முன்கூட்டியே முடிவு செய்த எண்களை உடலின் பேச்சுக்கு மேலாக வைத்துக்கொண்டதால்தான் முடிவுக் கோட்டை எட்டினேன் என்று உறுதியாக நம்புகிறேன்.

அந்த எண்கள் வானத்திலிருந்து விழுந்தவை அல்ல. ஏறத்தாழ ஓராண்டுப் பயிற்சியில் கிடைத்தவை. சாதாரண வாரங்களில் எட்டு முதல் பத்து மணி நேரமும், உச்ச வாரங்களில் பதினான்கு மணி நேரத்துக்கு மேலும் பயிற்சி நடந்தது. அதில் பெரும்பகுதி, முழு வாக்கியங்களாகப் பேசிக்கொண்டே செய்யக்கூடிய மெதுவான வேகத்தில்தான். வார இறுதிகளில் ஒரு நாள் நீண்ட சைக்கிள் பயணம், மறுநாள் நீண்ட ஓட்டம். இதைத் தவிர, சைக்கிளிலிருந்து இறங்கிய உடனே காலணி மாற்றி ஓடும் பிரிக் பயிற்சியையும் தவறாமல் செய்தேன். சைக்கிளில் வளைந்து பழகிய தொடைகள் நிமிர்ந்து ஓடுவதற்கு முதல் சில நிமிடங்கள் எடுத்துக்கொள்ளும் என்பதை உடல் முன்பே அறிந்திருக்க வேண்டும். இவற்றுக்கு இணையாக நான் மதிப்பது உணவுப் பயிற்சி. அதிக அளவு மாவுச்சத்தை ஓடும்போதும் மிதிக்கும்போதும் ஏற்றுக்கொள்ள வயிறும் பழக வேண்டும். ஆகவே போட்டியில் எதை எந்த இடைவெளியில் உண்ணப் போகிறேனோ, அதையே நீண்ட பயிற்சிகளிலும் உண்டேன். கடைசி மூன்று வாரங்களில் பயிற்சி அளவைப் படிப்படியாகக் குறைத்தேன். அந்த நாள்களில் கால்கள் விசித்திரமாகக் கனக்கும், இல்லாத வலிகளெல்லாம் தோன்றும். அது வழக்கமானதுதான், அதைக் கண்டு மீண்டும் நீண்ட பயிற்சிக்குப் போகத் தேவையில்லை.

போட்டிக்கு முந்தைய நாள் சைக்கிளையும் இரண்டு பைகளையும், ஒரு பிரிவிலிருந்து அடுத்ததற்கு மாறும் இடமான டிரான்சிஷன் பகுதியில் ஒப்படைக்க வேண்டும். ஒரு பையில் சைக்கிளுக்கானவை, மற்றதில் ஓட்டத்துக்கானவை. நீரிலிருந்து ஏறி வரும் வழியிலிருந்து என் சைக்கிள் நிற்கும் வரிசை வரை ஒருமுறை நடந்து பார்த்து, அருகில் இருக்கும் அசையாத அடையாளம் ஒன்றை மனதில் பதித்துக்கொண்டேன். நூற்றுக்கணக்கான சைக்கிள்களுக்கு நடுவே, தலை சுற்றும் நிலையில், தன் சைக்கிளைத் தேடுவது எளிதல்ல. ஹெல்மெட் வார் பூட்டிய பிறகே சைக்கிளைத் தொடலாம், சைக்கிளை நிறுத்திய பிறகே வாரை அவிழ்க்கலாம் என்பது கண்டிப்பான விதி என்பதால், அந்த வரிசையைக் கைகள் மறக்காதபடி அன்றும் செய்து பார்த்தேன்.

நீச்சலைப் பற்றித்தான் புதியவர்கள் அதிகம் அஞ்சுகிறார்கள். நீர் 22 டிகிரி இருந்ததால், வெட்சூட் எனும் உடலை ஒட்டிய ரப்பர் நீச்சலுடையை அணிய அனுமதி இருந்தது, 24.5 டிகிரி வரை அமெச்சூர் வீரர்கள் அதை அணியலாம் என்பது இவ்வகைப் போட்டிகளில் பொதுவான விதி. வெட்சூட் உடலை மிதக்க வைக்கும், ஆனால் மார்பை இறுக்கும். குளிர்ந்த நீரில் முகம் பட்டதும் மூச்சு மேலே ஏறிக்கொள்வதும் இந்த இறுக்கமும் சேர்ந்துதான் முதல் 200 மீட்டரில் பலரையும் பதற வைக்கின்றன. அதற்கு மருந்து மூச்சை இழுப்பதில் இல்லை. நீருக்குள் நீளமாக, முழுவதுமாக விடுவதில் இருக்கிறது. நான் முதல் மிதவை வரை வேகத்தைப் பற்றி எண்ணவே இல்லை, வெளிவிடும் மூச்சை மட்டும் கவனித்தேன். அதன்பின் எட்டுப் பத்துக் கைவீச்சுக்கு ஒருமுறை கண்ணை மட்டும் நீருக்கு மேலே உயர்த்தி மிதவையைப் பார்ப்பதும், என் வேகத்திலேயே நீந்தும் ஒருவரின் கால்களுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்வதுமாக நேரம் போனது. சைக்கிளில் தடை செய்யப்பட்ட இந்தப் பின்தொடர்தல் நீச்சலில் அனுமதிக்கப்பட்டது. அதனால் மிச்சமாகும் உழைப்பு சிறிதல்ல. கடைசி 200 மீட்டரில் கால்களைச் சற்று அதிகமாக உதைத்தேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் படுத்த நிலையில் இருந்த உடல் திடீரென நிமிர்ந்து நிற்கும்போது வரும் தலைச்சுற்றல் இதனால் குறையும்.

சைக்கிள்தான் இந்தப் போட்டியின் நடுத்தூண். நேரத்தில் பாதியை அதுவே எடுத்துக்கொள்கிறது. அதற்குப் பின் வரும் மாரத்தான் எப்படி இருக்கும் என்பதையும் அதுவே தீர்மானிக்கிறது. ஒரு மணி நேரம் தொடர்ந்து தாங்கக்கூடிய என் உச்ச ஆற்றலில் 68 முதல் 70 விழுக்காடு என்பதே நான் வகுத்த வரம்பு. மிதிக்கும் ஆற்றலை வாட்டில் காட்டும் பவர் மீட்டரில் அந்த எண்ணைத் தாண்டும்போதெல்லாம் கியரைக் குறைத்தேன். நீரிலிருந்து வெளியேறிய உற்சாகமும் மூன்று வாரம் ஓய்ந்த கால்களும் சேர்ந்து முதல் 40 கிலோமீட்டரில் அந்த வரம்பைக் கேலிக்குரியதாகத் தோன்ற வைக்கும். ஏற்றங்களில் ஒருவர் பின் ஒருவராக என்னைத் தாண்டிப் போனார்கள். போக விட்டேன்.

இதற்குக் காரணம் எளிமையானது. தசைகளிலும் கல்லீரலிலும் சேமித்து வைக்கக்கூடிய கிளைக்கோஜன் ஏறத்தாழ 500 கிராம். அதிலிருந்து கிடைப்பது சுமார் 2000 கிலோ கலோரி மட்டுமே. கொழுப்பு எவ்வளவோ இருக்கிறது, ஆனால் மெதுவாகத்தான் எரியும். உழைப்பின் தீவிரம் கூடக்கூட உடல் கொழுப்பை விட்டுவிட்டு மாவுச்சத்தின் பக்கம் சாய்கிறது. வெளியிலிருந்து ஊட்டவும் எல்லை உண்டு: குளுக்கோஸ் மட்டும் என்றால் மணிக்கு 60 கிராம் அளவுக்கே குடல் உறிஞ்சும், வேறு வழியில் உறிஞ்சப்படும் ஃபிரக்டோஸையும் கலந்தால் 90 கிராம் வரை போகலாம். தீவிரம் கூடினால் குருதி தசைகளுக்குத் திருப்பப்பட்டு, அந்த உறிஞ்சலும் தடைப்படுகிறது. ஆக, ஒரு ஏற்றத்தில் வீராப்புக்காக மிதித்தால் சேமிப்பும் கரைகிறது, வரவும் குறைகிறது. நான் மணிக்கு 75 கிராம் என்று வைத்துக்கொண்டு, இருபது நிமிடத்துக்கு ஒருமுறை கடிகாரம் அதிரும்படி அமைத்திருந்தேன். பசித்ததா என்று உடலைக் கேட்கவில்லை. அதிர்ந்தால் உண்டேன். குடிப்பதில் மட்டும் தாகத்துக்கு இடம் கொடுத்தேன், ஏனெனில் உப்பில்லாத வெறும் நீரை அளவுக்கு மீறிக் குடித்தால் குருதியில் சோடியம் நீர்த்துப்போய் உயிருக்கே ஆபத்தாகலாம்.

முன்னால் செல்பவருக்குப் பின்னால் 12 மீட்டர் இடைவெளி விட வேண்டும், தாண்டுவதென்றால் 25 நொடிக்குள் தாண்டி முடிக்க வேண்டும் என்பது எங்களுக்குரிய விதி. மீறினால் தண்டனைக் கூடாரத்தில் 5 நிமிடம் நிற்க வேண்டியிருக்கும். இந்த விதியை நான் மனமார ஆதரிக்கிறேன். காற்றைத் தனியாகச் சந்திப்பதுதான் இந்தப் பந்தயத்தின் நேர்மை. கூட்டமாகச் சேர்ந்து ஓட்டுபவர்கள் தங்களுக்கே உரிய ஒன்றை இழக்கிறார்கள்.

120 கிலோமீட்டரைக் கடந்த சிறிது நேரத்தில் பின்சக்கரம் தளர்ந்து தரையில் நெளிவதை உணர்ந்தேன். ஓரம் ஒதுங்கி, சங்கிலியைப் பின்னால் மிகச்சிறிய பற்சக்கரத்துக்கு மாற்றி, சக்கரத்தைக் கழற்றி, டயரின் ஒரு விளிம்பை நெம்பி எடுத்து டியூபை உருவினேன். புதிய டியூபை உடனே போட்டுவிடலாம் என்று கை துடிக்கும். அப்போது டயரின் உட்புறம் முழுவதும் விரல் நுனியால் மெதுவாகத் தடவிப் பார்க்க வேண்டும். என் விரலில் முதலில் எதுவும் படவில்லை. திரும்பி எதிர்த்திசையில் தடவியபோது அரிசி முனையளவு கண்ணாடித் துணுக்கு ஒன்று உரசியது. நகத்தால் அதை வெளித்தள்ளிய பிறகு, டியூபில் வடிவம் பிடிக்கும் அளவுக்கு மட்டும் வாயால் காற்று ஊதி, முறுக்கில்லாமல் உள்ளே பதித்து, விளிம்பைக் கட்டைவிரல்களால் ஏற்றி, கரியமில வாயுக் குப்பியால் நிரப்பினேன். காலியாகும்போது அந்தக் குப்பி உறைபனிபோல் குளிர்ந்து கையில் ஒட்டும். துணியைச் சுற்றிப் பிடித்துக்கொண்டேன். இழந்த நிமிடங்களை வேகமாக மிதித்து ஈடுகட்ட வேண்டும் என்ற வெறி எழுந்தது உண்மை. பவர் மீட்டரின் எண்ணைப் பார்த்துக்கொண்டு அதே வரம்பிலேயே தொடர்ந்தேன்.

டிரான்சிஷனில் காலுறையை மாற்றினேன், எண் பட்டையை முன்பக்கம் திருப்பினேன், தொப்பி போட்டுக்கொண்டு வெளியேறினேன். அங்கே சொல்வதற்கு வேறொன்றுமில்லை.

ஓட்டத்தின் முதல் ஐந்து கிலோமீட்டரில் உடல் கடைசியாக ஒருமுறை ஆசை காட்டும். சைக்கிளின் வேகத்துக்குப் பழகிய கண்ணுக்கு ஓட்டவேகம் மிக மெதுவாகத் தெரிவதால், எல்லோரும் தாங்கள் நினைப்பதைவிட வேகமாகத்தான் தொடங்குகிறார்கள். நான் கடிகாரத்தைப் பார்த்து, திட்டமிட்ட வேகத்துக்கும் சற்றுக் கீழேயே ஓடினேன். ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டருக்கு ஒன்றாக இருந்த உதவி நிலையங்கள் ஒவ்வொன்றையும் நடந்து கடப்பது என்பது தொடக்கத்திலிருந்தே என் திட்டம்: முதல் மேசையில் நீர், அடுத்ததில் உப்பும், மாவுச்சத்து நிறைந்த கூழான ஜெல்லும், கடைசியில் பனிக்கட்டியை வாங்கித் தொப்பிக்குள் போட்டுக்கொண்டு மறுபடி ஓட்டம். அப்படி நடப்பதால் இழக்கும் நேரம் மிகக் குறைவு. நிற்காமல் ஓடி, குவளையில் பாதியைச் சிந்தி, பின்னர் முழுதாக நடக்க நேர்ந்தால் இழக்கும் நேரம் அதிகம்.

28 கிலோமீட்டருக்குப் பிறகு ஜெல் தொண்டையில் இறங்க மறுத்தது. இனிப்பின் வாசனையே வயிற்றைப் புரட்டியது. அதற்கென வைத்திருந்த மாற்றுத் திட்டப்படி, நீர் கலந்த கோலாவுக்கு மாறினேன். சர்க்கரையும் சிறிது காஃபீனும் அதில் கிடைத்தன, விழுங்கச் சிரமமும் இல்லை. இறக்கங்களில்தான் தொடைகள் மிகவும் வலித்தன, ஏனெனில் இறங்கும்போது தசை நீண்டுகொண்டே எடையைத் தாங்க வேண்டியிருக்கிறது. 32 ஆவது கிலோமீட்டரை ஒட்டி, நின்றுவிடு என்ற அந்தக் குரல் தெளிவாகக் கேட்டது. அங்கே ஒவ்வொன்றாகச் சோதித்தேன்: தலை சுற்றுகிறதா, குளிர் நடுக்கம் உண்டா, பார்வை மங்குகிறதா, ஓரிடத்தில் மட்டும் கூரிய வலி இருக்கிறதா? இவற்றில் ஏதேனும் இருந்திருந்தால் மருத்துவக் கூடாரத்துக்குப் போயிருப்பேன். எதுவும் இல்லை, இருந்தது களைப்பு மட்டுமே. அருகில் ஓடிக்கொண்டிருந்த ஒருவர், "அடுத்த நிலையம் வரைக்கும் வாங்க, அதுக்கப்புறம் பார்த்துக்கலாம்" என்றார். போட்டியில் இல்லாதவர்கள் யாரும் கூட ஓடித் துணை செய்யக் கூடாது. ஆனால் போட்டியாளர்கள் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்வதை எந்த விதியும் தடுக்கவில்லை. நிலையத்துக்கு நிலையம் அதே வாக்கியத்தை மாறி மாறிச் சொல்லிக்கொண்டு பாதி ஓட்டமும் பாதி நடையுமாகப் போனோம். சைக்கிளில் என்னைத் தாண்டிச் சென்றவர்களில் சிலரை அந்தக் கிலோமீட்டர்களில் நடந்துகொண்டிருக்கக் கண்டேன்.

இருட்டிய பிறகே முடித்தேன், காலவரம்புக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் மிச்சம் இருந்தது. கோட்டைத் தாண்டியதும் உட்காராமல் பத்து நிமிடம் நடந்தேன், ஏனெனில் திடீரென நின்றால் குருதி கால்களிலேயே தங்கி மயக்கம் வரலாம். உலர்ந்த உடை மாற்றி, உப்புள்ள சூடான ஏதாவது உள்ளே போன பிறகுதான் சைக்கிளைத் திரும்பப் பெறப் போனேன். மறுநாளைவிட மூன்றாம் நாள் படிக்கட்டு இறங்குவது கடினமாக இருந்தது. முதல் வாரம் முழுக்க நடையும் மெதுவான நீச்சலும் மட்டும், பிறகு எளிதான சைக்கிள், ஓட்டத்தைக் கடைசியாக, மூன்று வாரங்களுக்குப் பின்னரே தொடங்கினேன். வலி போய்விட்ட பிறகும் தசை முழுதாகத் தேறியிருக்காது. தூக்கமும் ஓய்வு நிலை நாடித் துடிப்பும் பழையபடி ஆகும்வரை காத்திருந்தேன். அடுத்த பருவத்துக்கும் இதே தூரத்துக்குத்தான் பதிவு செய்திருக்கிறேன். மிதிக்கும் வரம்பை அப்படியே வைத்துக்கொண்டு, ஜெல்லுக்குப் பதிலாக நீரில் கரைத்துக் குடிக்கும் மாவுச்சத்தை நீண்ட பயிற்சிகளில் இப்போதே பழகி வருகிறேன்.