டபரா வைத்த போக்கர் மேசை

எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசை கண்ணாடி போட்டது. அதில் சீட்டு ஆடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கீழே விழுந்த சீட்டை நகத்தால் நோண்டினாலும் எடுக்க வராது, பப்படம் மாதிரி ஒட்டிக்கொள்ளும். அதைவிடக் கொடுமை, சீட்டைப் போடும்போதே அதன் முகம் கண்ணாடியில் தெரிந்துவிடும். ஒரு சனிக்கிழமை ராத்திரி நண்பன் ஒருவன் தொடர்ந்து நாலு ஆட்டம் ஜெயித்த பிறகுதான் அவன் ஏன் எப்போதும் ட்யூப் லைட்டுக்கு எதிர்ப்பக்கமே உட்காருகிறான் என்று எங்களுக்கு உறைத்தது. (போக்கர் என்றதும் கண் விரிய வேண்டாம், காசு வைப்பதில்லை. கடைசியில் தோற்பவர் அடுத்த வாரம் எல்லோருக்கும் பரோட்டா வாங்கி வர வேண்டும், அவ்வளவுதான்.)

சரி, ஒரு மேசையை நாமே செய்துவிடுவோம் என்று இறங்கினேன். இதை மரவேலை என்று நினைத்துத்தான் ஆரம்பித்தேன். உண்மையில் மரவேலை ஒன்றரை நாளில் முடிந்துவிட்டது, மீதி மூன்று வார இறுதிகளும் போனது சோபா வேலையில். யாராவது செய்யப் போகிறீர்கள் என்றால் முதலில் தெருவில் சோபா தைக்கிறவரோடு சிநேகம் பிடித்துக்கொள்ளுங்கள், ஆசாரி அப்புறம்.

மேசையின் அடிப்படை சுலபம். 8க்கு 4 அடி, 18 மி.மீ. பிளைவுட் இரண்டு. தண்ணீரில் ஊறப்போகும் சாமான் இல்லை என்பதால் கமர்ஷியல் பிளையே போதும். ஷீட்டின் நடுக்கோட்டில் இரண்டு முனையிலிருந்தும் 2 அடி உள்ளே தள்ளி முனைக்கொரு ஆணி அடித்து, 2 அடி ஆரத்தில் அரைவட்டம் போட்டால் முட்டை வடிவம் கிடைத்துவிடும். நூலைக் கட்டி வட்டம் போடாதீர்கள், நூல் இழுபட்டு வட்டம் கோணிவிடும்; ஒரு ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) துண்டில் இரண்டு ஓட்டை போட்டு, ஒன்றில் ஆணி, இன்னொன்றில் பென்சில். சுற்றளவு கிட்டத்தட்ட 20 அடி வரும். எட்டு பேர் உட்கார்ந்தால் ஆளுக்கு இரண்டரை அடி, தாராளம். பத்து பேர் என்றால் முழங்கை இடிக்கும், ஆனால் ஆடலாம்.

ஒரு ஷீட் முழுசாக அடித்தட்டு. இன்னொன்றில் ஓரத்திலிருந்து 5 அங்குலம் உள்ளே இன்னொரு கோடு போட்டு ஜிக்சாவால் (வளைவாக அறுக்கும் கை மின்ரம்பம்) அறுத்தால் வெளியே ஒரு வளையம், உள்ளே ஒரு முட்டை. வளையம் கை வைக்கும் திண்டு, உள்முட்டை ஆடுகிற இடம். ஒரே பலகையில் இரண்டும் வந்துவிடுகிறதே, என்ன கச்சிதம் என்று எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்தது. அந்த மரியாதை ஒரு வாரம்கூட நிற்கவில்லை.

உள்முட்டையின் மேல் 5 மி.மீ. ஃபோம் ஒட்டி, துணியை இழுத்து அடியில் ஸ்டேப்ளர் பின் அடித்து, வளையத்துக்குள் இறக்கப் பார்த்தேன். இறங்கவில்லை. ஜிக்சா பிளேடு தின்றது சுமார் 2 மி.மீ.தான்; ஃபோமையும் நான் விளிம்பைச் சுற்றி மடித்திருந்தேன், அதன்மேல் துணி, வளைவுகளில் துணியின் கொசுவம் வேறு. ஏறி உட்கார்ந்து பார்த்தேன். ஒரு பக்கம் இறங்கினால் மறுபக்கம் எழும்பியது. கடைசியில் அடித்த பின்னெல்லாம், இருநூறுக்குக் குறையாது, ஸ்க்ரூ டிரைவரும் குறடுமாக ஒவ்வொன்றாகப் பிடுங்கி, சுற்றிலும் இன்னும் 3 மி.மீ. போல இழைத்து, உப்புத்தாள் போட்டு, ஃபோமை விளிம்போடு நறுக்கிவிட்டுத் துணியை மட்டும் மடித்தேன். இப்போது ஒரு உள்ளங்கை அழுத்தலில் இறங்குகிறது. பலகையை அறுக்கும்போதே துணியின் தடிமனையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று எந்த ஆசாரியும் எனக்குச் சொல்லவில்லை. ஆசாரியைக் கேட்டால்தானே சொல்வார்.

துணியில் இன்னொரு பாடம். பச்சை என்றதும் பில்லியர்ட்ஸ் துணி வாங்கத்தான் தோன்றும். அது கம்பளி, சீட்டைப் பிடித்து நிறுத்திவிடும். போக்கர் மேசைக்கென்றே தண்ணீர் ஒட்டாத பூச்சு போட்ட பாலியஸ்டர் துணி உண்டு, நான் சுற்றிய கடைகளில் கிடைக்கவில்லை. அதனால் ஒரு சீட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு சோபா துணிக் கடை கடையாக ஏறி, சுருளை விரித்துச் சீட்டை விசிறிப் பார்த்தேன். மூன்றாவது கடையில் ஒரு கரும்பச்சை சூயிட் துணியில் அது இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு வழுக்கிக்கொண்டே போனது. கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

திண்டுக்கு ரெக்சின், சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் கார் சீட் கடையில் வாங்கியது. அடியில் ஒரு அங்குல ஃபோம், ஃபெவிகால் எஸ்.ஆர். 998 என்கிற ரப்பர் பசை போட்டு ஒட்டியது. நேர்ப்பகுதியில் ரெக்சின் பாட்டுக்கு உட்கார்ந்தது, வளைவு வந்ததும் சுருக்கம் சுருக்கமாக எழுந்தது. அப்போதுதான் எங்கள் தெருவில் சோபா தைக்கும் பெரியவரைக் கூப்பிட்டேன். வந்தவர் என் வேலையைப் பார்த்து ஒன்றும் சொல்லாமல், ரெக்சினைக் கழற்றி மொட்டை மாடி வெயிலில் விரித்துவிட்டு டீ கேட்டார். அரை மணி கழித்துத் தொட்டால் தோசை மாதிரி இளகிக் கிடந்தது. "ஒரு பக்கமா அடிச்சிக்கிட்டே போவக் கூடாது தம்பி, இங்க ஒண்ணு, அதுக்கு நேர் எதிர்ல ஒண்ணு" என்று நாலு பக்கமும் நாலு பின் அடித்து நிறுத்தி, பிறகு இடைவெளிகளைப் பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டு வந்தார். நான் இரண்டு நாள் போராடியதை ஒன்றேகால் மணியில் முடித்தார். காசு கொடுத்தால், முதலில் நான் அடித்த பின்களைப் பிடுங்கியதற்குத் தனியாகக் கேட்டார். நியாயம்தான்.

கால் கிரில் பட்டறையில் செய்தது, மடக்கு வகை. மேசை உயரம் 30 அங்குலம் வர வேண்டும் என்றால் கால் இருபத்தேழரைதான் இருக்க வேண்டும். பலகை இரண்டும் ஃபோமும் சேர்ந்து மீதியைச் சாப்பிட்டுவிடும். இதை மட்டும் முன்கூட்டியே யோசித்துவிட்டேன். 8 அடிப் பலகை லிஃப்டில் நுழையாது என்பதை யோசிக்கவில்லை. மூன்று மாடி, படிக்கட்டு, இரண்டு ஷீட், ஒவ்வொன்றும் முப்பது கிலோவுக்கு மேல்.

கப் வைக்கிற குழி மட்டும் என் சொந்த மூளை. விற்கிறதெல்லாம் பீர் கேன் அளவுக்கு, எங்கள் கூட்டம் குடிப்பது காபி. டபராவுக்குத்தான் வெளியே மடிந்த விளிம்பு இருக்கிறதே! திண்டில் 3 அங்குல ஓட்டை எட்டு போட்டு, ரெக்சினைப் பிளேடால் பெருக்கல் குறி மாதிரி கீறி உள்ளே மடித்து, டபராவை இறக்கினால் விளிம்பில் நிற்கிறது. ஆழமும் சரியாக வந்தது, அடித்தட்டைத் தொடவே வேண்டாம். கழுவ எடுக்கலாம், திரும்பப் போடலாம். வீட்டில் இருந்தது ஆறு, அதில் ஒன்றைக் கையோடு கொண்டுபோய் அதே அளவில் இன்னும் இரண்டு வாங்கினேன்.

மொத்தச் செலவு 14,000 ரூபாய்க்குப் பக்கம், பெரியவர் கூலி உட்பட. முதல் ஆட்டத்தில் நான்தான் தோற்றேன். மறுநாள் ஞாயிறு காலை, சமையலறையில் ஒரு டபராகூட இல்லை என்று கத்திக்கொண்டே வந்த அம்மா, மேசையைச் சுற்றி ஒரு நடை நடந்து, எட்டில் இரண்டை உருவிக்கொண்டு போனார்.