மினிட்ஸில் ஏறாத பேச்சு

‘பொருள் எண் 14. சானல்கரைத் தெருவில் பழுதடைந்த ஓடையை அகற்றிவிட்டுப் புதிய ஓடை கட்டுதல். தீர்மானம்: திருத்திய மதிப்பீட்டின்படி அனுமதிக்கப்பட்டது.’

தீர்மானப் புத்தகத்தில் இவ்வளவுதான் இருக்கிறது. எழுதியவன் நான்தான். இந்த ஒரு வரிக்காக இரண்டு கூட்டங்களில் மொத்தம் இரண்டரை மணி நேரம் பேசினார்கள். ஒருவர் மேசையைத் தட்டியதில் டம்ளர் கவிழ்ந்து என் நோட்டு நனைந்தது. இன்னொருவர் வெளிநடப்பு செய்கிறேன் என்று எழுந்து போனார். எதிர்க்கடையில் டீயும் ரசவடையும் முடித்துவிட்டு அடுத்த பொருளுக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தார். அதெல்லாம் புத்தகத்தில் ஏறாது. ஏறக்கூடாது என்றுதான் எனக்கும் சொல்லித் தந்தார்கள்.

குமரி மாவட்டத்தின் மேற்கே ஒரு நகராட்சி. பெயர் வேண்டாம். சின்ன ஊர், யாரைப் பற்றிச் சொன்னாலும் அவர் இன்னொருவருக்கு அத்தானோ மைனியோ ஆகத்தான் இருப்பார். நாகர்கோவில் 2019-இல் மாநகராட்சியாகி, 52 வார்டு, மேயர் என்று பெரிய இடமாகிவிட்டது. எங்களுக்கு இருபத்துச் சொச்சம் வார்டுதான். கடைசி வரிசையில் ஒருவர் இருமினால் தலைவருக்குக் கேட்கும். ஆணையருக்குப் பின்னால் ஜன்னலோரம் ஒரு மர நாற்காலி, அதுதான் என் இடம். 1998-இல் இளநிலை உதவியாளராகச் சேர்ந்தேன். நடுவில் வரி, பிறப்பு இறப்பு என்று மற்ற சீட்டுகளுக்கும் போய்வந்தேன். ஆனால் 2023-இல் ஓய்வு பெறும்வரை பாதிக்கு மேல் மன்ற சீட்டில்தான் ஓடியது.

மன்ற சீட் என்றால் என்ன வேலை என்று கேட்பார்கள். ஒவ்வொரு பிரிவும் அனுப்பும் பொருள்களைச் சேர்த்து வரிசை போட வேண்டும். ‘மன்றத்தின் பார்வைக்கும் அனுமதிக்கும் வைக்கப்படுகிறது’ என்று முடிய வேண்டும். அஜெண்டாவை உறுப்பினர்கள் வீடுதோறும் கொடுத்துக் கையெழுத்து வாங்க வேண்டும். இதில்தான் வேடிக்கை. கூட்டம் நடக்கக் கூடாது என்று நினைக்கும் உறுப்பினர் அந்த இரண்டு நாளும் வீட்டில் இருக்கவே மாட்டார். வாசலில் அவருடைய செருப்பு மட்டும் இருக்கும். அப்புறம் கூட்டம், அதன்பின் மினிட்ஸ்.

மினிட்ஸ் எழுதுவது ஒருவகை மொழிமாற்று வேலை. பேசுவது எங்கள் ஊர்த் தமிழ், எழுதுவது அரசாங்கத் தமிழ். ஒருமுறை தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து புதிதாக வந்த ஆணையர் முன்னால் ஒரு உறுப்பினர் எழுந்து, “எனக்க வார்டுல நாலு நாளா வெள்ளம் வரேல்ல, ஆருட்டச் சொல்லியும் ஒரு நடவடிக்கையும் இல்ல” என்று சத்தம் போட்டார். ஆணையர் முகம் மலர்ந்துவிட்டது. “ரொம்ப நல்லது, வராமலே இருக்கட்டும்” என்றார். கூடம் முழுக்க ஒரே கூச்சல். நான் பின்னாலிருந்து குனிந்து, “சார், இங்க வெள்ளம்னா தண்ணி. குடிதண்ணி” என்றேன். அவர் அன்று மாலையே பைப் லைன் பார்க்கக் கிளம்பிப் போனார், வெட்கத்தில்தான் என்று நினைக்கிறேன். நான் மினிட்ஸில் எழுதியது: ‘குடிநீர் விநியோகம் குறித்து உறுப்பினர் கேள்வி எழுப்பினார். ஆணையர் நடவடிக்கை எடுப்பதாகத் தெரிவித்தார்.’

அந்த ஓடைக்கு வருகிறேன். 2011 தேர்தலில் வந்த மன்றம் அது. சானல்கரைத் தெருவுக்குப் பெண்கள் வார்டு. ஜெயித்து வந்த அக்கா முன்பு அண்டியாபீசில் முந்திரிப் பருப்பு உடைத்தவர். கையில் அந்தக் கறை அப்போதும் முழுதாகப் போகவில்லை. முதல் மூன்று கூட்டங்களில் வாயே திறக்கவில்லை. நாலாவது கூட்டத்தில் ஓடைப் பொருள் வந்தபோது எழுந்தார்.

பழைய ஓடை தெருவின் நடுவில் ஓரிடத்தில் சம்பந்தமில்லாமல் வளைந்து, இரண்டு வீட்டுக்கு இடையில் புகுந்து, குளத்தங்கரை வரை போய் விழும். பொறியியல் பிரிவின் மதிப்பீட்டில் அந்த வளைவை எடுத்துவிட்டு நேராகப் பாசனச் சானலில் கொண்டு சேர்ப்பதாக இருந்தது. நீளமும் குறைவு, செலவும் குறைவு. லெவல் எடுத்துப் பார்த்தாயிற்று, வாட்டம் சரியாக இருக்கிறது என்றார் பொறியாளர்.

“எப்போ எடுத்திய சார்?”

“மார்ச்சில்.”

“மார்ச்சுல சானல்ல தண்ணி உண்டுமா? ஜூன்ல நெறஞ்சு நிக்கும்போ வந்து பாத்தியளா?”

பேச்சிப்பாறை அணையை வழக்கமாக ஜூனில் பாசனத்துக்குத் திறப்பார்கள், பிப்ரவரி முடியும்போது அடைப்பார்கள். அதே ஜூனில்தான் இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழையும் பிடிக்கும். சானல் நிறைந்து, தெருவிலும் மழை கொட்டும்போது ஓடையின் வாய் தண்ணீருக்குள் மூழ்கிவிடும். பிறகு ஓடைத் தண்ணீர் சானலுக்குப் போகாது, சானல் தண்ணீர்தான் ஓடை வழியாகத் தெருவுக்குள் ஏறும். மடைக்குக் கீழே, தாழ்வான இடத்தில் கொண்டு விடுவதற்காகத்தான் யாரோ அந்தக் காலத்தில் வளைத்துக் கட்டியிருக்கிறார்கள். அக்கா இதையெல்லாம் இவ்வளவு வரிசையாகச் சொல்லவில்லை. “எங்க அம்மை அந்த ஓடைக்க கரையிலதான் என்னைப் பெத்தா, எனக்குத் தெரியாதா” என்பதில் தொடங்கி எங்கெங்கோ போனார். நான் எழுதிக்கொண்டே வந்ததில் விஷயம் தானாகக் கோத்துக்கொண்டது.

சண்டை அதற்கப்புறம்தான். வளைவு புகுந்து போகும் இடத்தில் ஒரு உறுப்பினரின் சொந்தக்காரர் மதில் கட்டியிருந்தார். அது பட்டா நிலம், ஓடை நடுவில் வந்தது என்று அவர் வாதம். புறம்போக்கு என்று இவர்கள். மேசையைத் தட்டியது, டம்ளர் கவிழ்ந்தது எல்லாம் இங்கேதான். பொருள் ஒத்திவைக்கப்பட்டது.

அடுத்த கூட்டத்துக்குள் பழைய பதிவேட்டின் நகல் ஒன்றைத் தேடி எடுத்து வந்தார்கள். திருவிதாங்கூர் காலத்துக் காகிதம், முழுக்க மலையாளம். எங்கள் ஆபீசில் பாதிப்பேர் மலையாளப் படம் பார்ப்பார்கள், பஸ் போர்டு படிப்பார்கள். ஆனால் அந்தப் பழைய கையெழுத்து ஒருவருக்கும் பிடிபடவில்லை. கடைசியில் மன்றத்திலேயே மூத்த உறுப்பினர், 1956-க்கு முன்னால் மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்தவர், கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு வாசித்தார். கூடம் அப்படி அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை. ஓடை அங்கேதான் இருந்திருக்கிறது. மதிலைக் கட்டியவரின் சொந்தக்காரரே, “சரி, அப்போ இடிச்சு மாத்தட்டு” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். மதிப்பீட்டைத் திருத்தினார்கள்.

புத்தகத்தில் ‘திருத்திய மதிப்பீட்டின்படி அனுமதிக்கப்பட்டது’. ஏன் திருத்தியது, யார் சொன்னது, ஜூன் மாதத்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று ஒரு சொல் இல்லை. என் கச்சாக் குறிப்பு நோட்டில் மட்டும், தண்ணீர் பட்டு மசி கலங்கிய நாலு பக்கம்.

தலைவரை யார் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதைப் பொறுத்தும் கூட்டத்தின் குணம் மாறும். 1996, 2001, 2011 தேர்தல்களில் நகராட்சித் தலைவருக்கு மக்களே நேரடியாக ஓட்டுப் போட்டார்கள். 2006-இலும் 2022-இலும் கவுன்சிலர்கள் சேர்ந்து தேர்ந்தெடுத்தார்கள். நேரடியாக வந்த தலைவர், “என்னை ஊர் தேர்ந்தெடுத்தது” என்று கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார். உறுப்பினர்கள் எகிறுவார்கள், பொருள்கள் ஒத்திப்போகும், கூட்டம் நீளும். மற்றவர் எல்லா வார்டுக்கும் தெருவிளக்கு பிரித்துக் கொடுத்துவிட்டுத்தான் கூட்டத்துக்கே வருவார். 40 பொருள் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். எனக்கு வேலை மிச்சம். ஆனாலும் கேட்டால் முதல் வகைதான் நல்லது என்பேன். சண்டையில்தான் உண்மை வெளியே வரும், எங்கள் ஊரிலாவது.

2016 அக்டோபரில் அந்த மன்றத்தின் காலம் முடிந்தது. நடக்க இருந்த தேர்தல் அறிவிப்பை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அடுத்த மாதம், அடுத்த வருடம் என்று போய்ப் போய், 2022 மார்ச் வரை மன்றமே இல்லை. ஆணையர்தான் தனி அலுவலர். ஆனால் தீர்மானப் புத்தகம் நிற்கவில்லை. ஆணையர் குறிப்பு வைப்பார், மன்றத்தின் இடத்தில் இருக்கும் தனி அலுவலர் அனுமதிப்பார். இரண்டு பேரும் ஒரே ஆள், ஒரே பேனா. கூட்டத் தேதி, பொருள் எண், தீர்மானம் எல்லாம் முறைப்படி இருக்கும். கூடத்தில் மட்டும் நாற்காலிகளைக் கவிழ்த்து அடுக்கி வைத்திருந்தோம்.

2017 நவம்பர் 30-இல் ஒக்கிப் புயல் அடித்தபோது அந்த வெறுமை நன்றாகத் தெரிந்தது. மரமும் மின்கம்பமும் சாய்ந்து நாள்கணக்கில் கரண்ட் இல்லை. கரண்ட் இல்லாவிட்டால் மோட்டார் ஓடாது, தொட்டியில் தண்ணீர் ஏறாது. ஜெனரேட்டரை எந்தத் தெருவுக்கு முதலில் அனுப்புவது, எந்த வீட்டில் படுத்த படுக்கையாக ஆள் இருக்கிறது, யார் கிணற்றில் எல்லாருக்கும் இறைக்க விடுவார்கள் என்பதெல்லாம் ஒரு கவுன்சிலருக்கு மனப்பாடம். எங்களுக்கு வார்டு மேப் இருந்தது. பதவி போன பழைய மெம்பர்கள் தாங்களாகவே கைலியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு வந்து நின்றார்கள். அவர்களை வைத்துத்தான் ஒப்பேற்றினோம்.

அந்தக் காலத்தில்தான் சானல்கரை ஓடையும் திரும்ப வந்தது. புதிதாக வந்த பொறியாளருக்கு அந்த வளைவு கண்ணை உறுத்தியிருக்கிறது. கோப்பைப் புரட்டினார், காரணம் எதுவும் இல்லை. ‘ஓடையை நேராக்குதல்’ என்று குறிப்பு வந்தது. முப்பது பொருளில் அது ஒன்று. நான்தான் டைப் அடித்தேன். அடிக்கும்போதே அந்த அக்காவின் குரல் காதில் கேட்டது. எழுந்து போய்ச் சொல்லியிருக்கலாம், நோட்டை எடுத்துக் காட்டியிருக்கலாம். மன்ற கிளார்க் எழுதுவான், பேசமாட்டான் என்று இருபது வருடப் பழக்கம். மத்தியானம் சாப்பாட்டுக்கு முன்னால் முப்பதிலும் கையெழுத்து விழுந்தது.

மறு ஜூனில் நாலு வீட்டுக்குள் சானல் தண்ணீர் ஏறியது. அக்கா மனுவோடு வந்தார். அப்போது கவுன்சிலர் இல்லை, ஜன்னலுக்கு வெளியே வரிசையில்தான் நின்றார். மனுவை என்னிடம் தந்துவிட்டு, கோபமே இல்லாமல் கேட்டார்.

“அண்ணைக்கு நீங்க அங்கதானே சார் இருந்திய?”

ரசீது போட்டுக் கொடுத்தேன். வேறு என்ன செய்ய.

2022 பிப்ரவரி 19 தேர்தல், மார்ச் 2 பதவியேற்பு. கவிழ்த்து வைத்த நாற்காலிகளைத் துடைத்துப் போட்டோம். பாதி இடம் பெண்களுக்கு என்று ஆனபின் வந்த முதல் நகர மன்றம். (சில கணவர்மார் கூடவே உள்ளே வந்து உட்காரப் பார்த்தார்கள். ஆணையர் எழுப்பி அனுப்பினார்.) பதவியேற்று ஒரு மாதம் ஆவதற்குள் சொத்து வரி உயர்வு வந்து விழுந்தது. 600 சதுர அடி வரையுள்ள வீட்டுக்கு 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100. பதினைந்தாவது நிதிக்குழு மானியத்துக்கு இப்படி நிபந்தனை இருக்கிறது என்று குறிப்பில் எழுதியிருந்தது. “ஓட்டு கேட்டுப் போன வாசல் ஈரம் இன்னும் காயேல்ல, அதே வாசல்ல போய் வரியக் கூட்டியாச்சுன்னு சொல்லணுமா?” என்றார் ஒரு இளைஞர். நியாயமான கேள்விதான். எதிர்த்தவர்களும் ஆதரித்தவர்களும் ஒரே முகத்தோடு இருந்தார்கள். தீர்மானம் நிறைவேறியது.

அந்த வருடம் நவம்பர் 1-இல் உள்ளாட்சி தினம் என்று வார்டுகளில் பகுதி சபை கூட்டச் சொன்னார்கள். எங்கள் மாவட்டம் 1956-இல் தமிழ்நாட்டோடு சேர்ந்த நாளும் அதுதான். ஒரு வார்டில் நான் குறிப்பெடுக்கப் போனேன். பள்ளிக்கூடத் திண்ணையில் முப்பது பேர். சானல்கரை அக்காவும் வந்திருந்தார். ஓடை பற்றித்தான் பேசினார். இந்த முறை நான் ‘ஜூன் மாதம் சானல் நிறையும்போது ஓடை நீர் திரும்பித் தெருவில் ஏறுவதாகவும், பழைய வளைவின் வழியே குளத்துக்குக் கொண்டு செல்ல வேண்டும் என்றும்’ என்று முழுதாக எழுதி, மேலாளர் சுருக்கச் சொல்லியும் சுருக்காமல் கோப்பில் வைத்தேன். ஓய்வு பெற நாலு மாசம் இருக்கும்போது யாருக்குப் பயப்பட.

என் கடைசிக் கூட்டத்தில் என் பணி ஓய்வும் ஒரு பொருள். நாலைந்து பேர் எழுந்து பாராட்டினார்கள். மூத்த உறுப்பினர் ஒருவர் பாராட்டை ஆரம்பித்து, நடுவில் தன் வார்டுக்குத் தாவி, “இவரு நல்ல மனுசன்தான், ஆனா எனக்க தெருவுல வெள்ளம் வந்து அஞ்சு நாளாச்சு” என்று முடித்தார். ஜன்னலோர நாற்காலியில் எனக்குப் பதிலாக வந்த பெண் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாள். திருநெல்வேலிக்காரி, வேலைக்கு வந்து இரண்டு வாரம்தான் ஆகிறது. கூட்டம் முடிந்து எல்லாரும் டீக்கு எழுந்தபோது நோட்டோடு என்னிடம் வந்தாள்.

“சார், அஞ்சு நாளா வெள்ளம்னாரே, பேரிடர்ப் பிரிவுக்கு எழுதணுமா?”